மாவட்ட அருங்காட்சியகம்: பேழைக்குள் பாதி, ஊருக்குள் மீதி

கன்னியாகுமரியில் காந்தி மண்டபத்துப் பக்கம் எந்த நேரமும் கூட்டம்தான். படகுக்கு வரிசையில் நிற்பவர்கள், சூரியன் மறைவதைப் பார்க்க இடம் பிடிப்பவர்கள், சங்கு மாலைக்குப் பேரம் பேசுபவர்கள். அதே இடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்து அரசு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால் இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். போன விடுமுறையில் எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு சாமி சிலைக்கு முன்னால் நின்றவள், கையெடுத்துக் கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“மாமா, சாமியை எதுக்கு இங்க கொண்டு வச்சிருக்காங்க? கோயில்லல்லா இருக்கணும்?”

“கேக்க வேண்டிய கேள்விதான் மக்ளே” என்றேன். ஆனால் நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு பொருள் ஏன் அருங்காட்சியகத்துக்கு வருகிறது, வந்த பிறகு அதற்கு என்ன நடக்கிறது, பொருள் இருக்கும் கண்ணாடிப் பேழைக்குக் கீழே உள்ள சின்னப் பலகையை எப்படி வாசிப்பது என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு உதவும் என்று அதையே இங்கே எழுதுகிறேன்.

சென்னையில் பழைய ஆட்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்வார்கள். அந்த அருங்காட்சியகம் 1851-இல் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில்தான் தொடங்கியது. மிருகக்காட்சி சாலையும் முதலில் எழும்பூர் வளாகத்துக்குள்ளேயேதான் இருந்தது. ‘செத்த’ என்ற சொல்தான் எனக்கு நெருடல். உள்ளே இருப்பதெல்லாம் முடிந்துபோனவை என்ற எண்ணம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பெரிய நகரத்து அருங்காட்சியகத்தில் அப்படித் தோன்றுவதற்குக் காரணமும் உண்டு. எங்கெங்கிருந்தோ வந்த பொருட்கள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பார்க்கிறவருக்கு அந்த ஊர்கள் எதுவும் தெரியாது. கல்லைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார், ஊர் மனதில் வராது.

மாவட்ட அருங்காட்சியகம் அப்படியில்லை. ஒரு வட்டாரத்தில் கிடைத்த பொருட்களை அந்த வட்டாரத்திலேயே, அந்த மக்கள் பேருந்தில் வந்து பார்க்கும் தூரத்தில் வைத்திருக்கும் இடம் அது. புதுக்கோட்டையில் அந்தச் சமஸ்தானம் 1910-இலேயே இப்படி ஒன்றை அமைத்துவிட்டது. பிறகு தமிழக அரசு பல மாவட்டங்களில் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தது. கன்னியாகுமரிக்கு வந்தது 1991-இல். கல்சிற்பம், உலோகத் திருமேனி, தேரில் இருந்த மரச்சிற்பம், நாணயம், பழங்குடி மக்கள் புழங்கிய பொருட்கள், பாடம் செய்த உயிரினங்கள் என்று எல்லாம் கலந்திருப்பதைப் பார்த்தால் முதலில் குழப்பமாக இருக்கும். ஒரு வட்டாரம் என்பதே அந்தக் கலவைதான். மேலே பேச்சிப்பாறை மலையில் காணி மக்கள், நடுவே நாஞ்சில் நாட்டு வயல், கீழே கடற்கரை ஊர்கள். இந்த மூன்றையும் ஒரே கூரைக்கு அடியில் வைத்தால் வேறு எப்படி இருக்கும்?

கன்னியாகுமரியே பழைய கோயில் ஊர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு கடல்வழிக் குறிப்பு இந்த ஊரைச் சொல்கிறது. இங்கே வந்து நீராடி, துறவு பூண்டு வாழ்பவர்கள் இருந்தார்கள், ஒரு பெண் தெய்வம் இங்கே நீராடியதாகச் சொல்கிறார்கள் என்று அதில் வருகிறது. பகவதி கோயில் தூண்களில் வீரராசேந்திர சோழனின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. சோழர் வம்ச வரலாற்றைச் சொல்லும் முக்கியமான கல்வெட்டுகளில் அதுவும் ஒன்று. வெட்டிய இடத்திலேயே அது நிற்கிறது. அதனால் அதைப் படிக்கிறவருக்கு “இது எங்கிருந்து வந்தது” என்ற கேள்வியே எழுவதில்லை.

எல்லாப் பொருளுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. நம் மாவட்டத்துச் செப்பேடு ஒன்றின் கதையைச் சொல்கிறேன்.

முஞ்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரம் என்று ஓர் ஊர். 866-ஆம் ஆண்டில், இந்தப் பகுதியை ஆண்ட ஆய் மரபு மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறை ஊர்ச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இடம் வாங்கி, அங்கே ஒரு விஷ்ணு கோயிலைக் கட்டினான். கோயிலோடு சேர்த்து ஒரு சாலையும் அமைத்தான். சாலை என்றால் அந்தக் காலத்தில் உணவும் தங்குமிடமும் தந்து வேதக் கல்வி சொல்லிக்கொடுத்த இடம். காந்தளூர்ச் சாலை என்ற இன்னொரு கல்விச் சாலையின் முறைப்படி 95 மாணவர்கள் அங்கே படிக்க ஏற்பாடு. ஒருவரை ஒருவர் வைதால் தண்டம், கூட்டத்துக்கு ஆயுதம் கொண்டு வரக்கூடாது என்றெல்லாம் விடுதி ஒழுங்குகூட அந்தச் செப்பேட்டில் இருக்கிறது. ஆயிரத்து நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய மாணவர் விடுதி நம் கண் முன்னால் வந்து நிற்கிறது.

சரி, இந்தச் செப்பேட்டை ஆய்வாளர்கள் எந்தப் பெயரில் அழைக்கிறார்கள் தெரியுமா? ‘ஹுசூர் ஆபீஸ் செப்பேடு’. ஹுசூர் கச்சேரி என்பது திருவனந்தபுரத்தில் இருந்த திருவிதாங்கூர் அரசின் தலைமை அலுவலகம். செப்பேடு அங்கே பாதுகாக்கப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஊர் பெயர் போய், அலமாரி இருந்த இடத்தின் பெயர் வந்துவிட்டது. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை, அங்கே பத்திரமாக இருந்ததால்தான் நமக்குக் கிடைத்தது. ஆனால் பொருள் இடம் மாறும்போது எது முதலில் கழன்று விழும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நம் மாவட்டத்தில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. அதற்கு முன்னால் நடந்த ஆய்வு, படியெடுத்த கல்வெட்டு, அரசுப் பதிவு எல்லாம் பெரும்பாலும் திருவனந்தபுரத்தில்தான் தேட வேண்டும். தக்கலை பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது, நிர்வகிப்பது கேரளத் தொல்லியல் துறை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை திருவிதாங்கூரின் தலைநகர் அதுதான். அந்த வளாகத்துக்குள்ளும் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கல்வெட்டு, கல்சிற்பம், மரச்சிற்பம் என்று பார்க்க நிறைய உண்டு. ஆகவே இந்த மாவட்டத்தை முழுதாகப் பார்க்க நினைப்பவர் இரண்டு அரசுகளின் அருங்காட்சியகங்களுக்கும் போக வேண்டும். அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அரண்மனைக்குத் திங்கள்கிழமை. தெரியாமல் போய் வாசலில் நின்றவர்களில் நானும் ஒருவன்.

இப்போது அக்கா மகளின் கேள்விக்கு வருகிறேன். சாமி எப்படி அங்கே வருகிறது?

பெரும்பாலும் மண்ணிலிருந்துதான். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ கோயில் திருப்பணி நடக்கும்போதோ மண்வெட்டி ‘டங்’ என்று எதிலோ படும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நிலத்துக்குள் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் அவருக்கு வர வேண்டிய பங்கும் போகும், தண்டனையும் உண்டு. நடைமுறையில் தகவல் விஏஓவுக்கும் தாசில்தாருக்கும் போகும். பொருள் அரசுப் பாதுகாப்புக்கு வரும். அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். காப்பாட்சியர் என்பது பொருட்களுக்குப் பொறுப்பான அதிகாரி. நல்ல சொல், காப்பதும் அவரே, ஆள்வதும் அவரே.

சாமி எப்படி மண்ணுக்குள் போனது என்று அடுத்த கேள்வி வரும். படையெடுப்பு, கொள்ளை என்று பயம் வந்த காலங்களில் திருமேனிகளைக் கோயில்காரர்களே புதைத்து வைத்தார்கள். பல இடங்களில் மணல் பரப்பி, அடுக்கி, பூசைப் பாத்திரங்களோடு சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். திரும்பி வந்து எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை அந்த அடுக்கலில் தெரியும். புதைத்தவர்கள் திரும்பி வரவில்லை, இடம் தெரிந்தவர்களும் இல்லாமல் போனார்கள். அவ்வளவுதான்.

பின்னம் அடைந்த திருமேனிக்குப் பூசை செய்வதில்லை என்பதும் வழக்கம். கோயில் திருப்பணி தொடங்கும்போது மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, பாலாலயம் என்ற தற்காலிகச் சன்னதியில் வைப்பார்கள், இது நாம் எல்லா ஊரிலும் பார்ப்பதுதான். அந்த முறைப்படி யோசித்தால், பேழைக்குள் இருப்பது சாமி குடியிருந்த வீடு. அதற்காக மரியாதை குறைய வேண்டியதில்லை. “கும்பிடணும்னு தோணினா கும்பிடு” என்றேன். கும்பிட்டாள். அருங்காட்சியகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிலை முன்னால் போய் நிற்கும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களைத் தடுத்ததும் இல்லை.

பொருள் உள்ளே வந்ததும் நடக்கும் முதல் காரியம் பூட்டுவதல்ல, பதிவேட்டில் எழுதுவது. வரிசை எண், என்ன பொருள், உயரம், எடை, எந்த ஊர், எந்தத் தேதியில், யாரிடமிருந்து வந்தது. பிறகு அந்த எண்ணைப் பொருளின் மீதே எழுதுவார்கள். முன்பக்கம் பார்த்தால் தெரியாது. பீடத்தின் பின்புறமோ அடியிலோ, விரல் நகம் அளவுக்கு ஒரு பூச்சு, அதன் மேல் மையில் சின்ன எண்கள், அதற்கு மேல் இன்னொரு மெல்லிய பூச்சு. வேண்டுமானால் பொருளுக்குச் சேதமில்லாமல் துடைத்து எடுத்துவிடலாம், ஆனால் தானாக அழியாது. அடுத்த முறை போகும்போது பேழையின் பக்கவாட்டில் போய்க் குனிந்து பாருங்கள், சில பொருட்களில் கண்ணில் படும்.

இந்த எண்ணும் ஒரு புகைப்படமும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் சாட்சி. திருடுபோய்க் கடல் கடந்து, ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடத்தில் விலை கொடுத்து வாங்கப்பட்டு நின்ற திருமேனி அது. அந்த நடராஜர் கோயிலில் இருந்தபோது எடுத்த பழைய புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இது அதுவே என்று நிறுவ முடிந்தது. 2014-இல் நடராஜர் திரும்பி வந்தார். மெழுகில் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகம் ஊற்றும் முறையில் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. படம் இருந்தால் அடையாளம் தப்பாது. படம் இல்லாத எத்தனை கோயில்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

அப்புறம் காற்று. கன்னியாகுமரி மாதிரி மூன்று பக்கமும் கடல் இருக்கும் ஊரில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. செம்பு கலந்த உலோகத்தில் உப்பு படிந்து, கூடவே ஈரமும் சேர்ந்தால், உள்ளே ஒரு வேதிவினை தொடங்கும். உப்பிலிருக்கும் குளோரைடு செம்போடு சேரும். அது ஈரத்தோடும் காற்றோடும் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் புதிய செம்பைத் தின்னும், மறுபடியும் அதே சுற்று. ஒருமுறை தொடங்கினால் தானாக நிற்காது. இதை ‘வெண்கல நோய்’ என்கிறார்கள். கெட்டியாக, கரும்பச்சையாக, வழவழவென்று படிந்திருந்தால் பயமில்லை. அது காலம் போர்த்திய போர்வை, உலோகத்தைக் காப்பாற்றும். வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து, விரல் வைத்தால் உதிர்ந்தால்தான் நோய். சென்னை அருங்காட்சியகத்தில் 1930-லேயே இதற்கென்று வேதியியல் ஆய்வுக்கூடம் அமைத்து, மின்பகுப்பு முறையில் பல வெண்கலங்களைக் காப்பாற்றினார்கள்.

நாம் வீட்டில் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்ப்போம். பழைய திருமேனிக்கு அதைச் செய்யவே கூடாது. கண்டெடுத்தவுடன் ஆசையாகப் புளி போட்டுத் தேய்த்துவிட்டால் மேல்படிவு போய்விடும், நுண்ணிய வேலைப்பாடும் மழுங்கும். தோண்டும்போது ஏதாவது கிடைத்தால் கழுவாமல், தேய்க்காமல், எங்கே எந்த ஆழத்தில் கிடந்தது என்று குறித்துக்கொண்டு சொல்லி அனுப்புவதே நல்லது. கிடந்த ஆழமும் பக்கத்தில் கிடந்த ஓட்டுத்துண்டும்கூடக் காலம் சொல்லும்.

இனி அந்தச் சின்னப் பலகை. பெயர், காலம், ஊர் என்று மூன்று தகவல்தான் பெரும்பாலும் இருக்கும். முக்கால்வாசிப் பேர் பெயரோடு நகர்ந்துவிடுகிறார்கள். நான் முதலில் ஊரைத்தான் படிப்பேன், அப்புறம்தான் காலம். ‘9-ஆம் நூற்றாண்டு’ என்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் அந்தச் சிலையில் எழுத்து இல்லை, ஆடை மடிப்பு, மகுடம், முகவெட்டு பார்த்துக் காலம் கணித்திருக்கிறார்கள் என்று பொருள். வருடமே இருந்தால் எங்கோ எழுத்து இருக்கிறது. நம் பக்கத்துப் பழைய கல்வெட்டுகளில் அந்த எழுத்து, தமிழை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்துமுறையான வட்டெழுத்தாக இருக்க வாய்ப்பு அதிகம். சோழநாட்டு வழக்கம் பரவிய பிறகு பாண்டிய நாட்டில் வட்டெழுத்து மெல்ல மறைந்தது, நம் தென் திருவிதாங்கூரில் அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் புழக்கத்தில் இருந்தது.

ஆண்டுக் கணக்கும் இங்கே தனி. திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு ஆவணி முதல் தேதியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள நாளானால் 824, ஜனவரியிலிருந்து ஆடி முடிய உள்ள நாளானால் 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். அவளுக்குக் கணக்குப் பிடிக்கும் என்பதால் ஒன்று கொடுத்தேன். குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்ற வருடம் கொல்லம் 916, மாதம் ஆடி. “825 கூட்டணும், 1741!” என்று உடனே சொன்னாள். பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த ஆண்டு கணக்குப் போட்டு வந்ததில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நாணயத்திலும் இதே கதைதான். திருவிதாங்கூர் காசு என்றால் சங்கு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக, ரூபாய்க்கு 28 சக்கரம். என் ஆச்சி கடைசிவரை சில்லறைக்குச் ‘சக்கரம்’ என்றுதான் சொல்வாள். “கையில ஒரு சக்கரம் இல்ல” என்பாள். பிள்ளையாக இருந்தபோது அது சும்மா ஒரு பேச்சு என்று நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, கருத்துப்போன ஒரு செப்புத்துண்டில் சங்கைப் பார்த்த அன்றுதான் ஆச்சி பேசியது உண்மையான காசைப் பற்றி என்று உறைத்தது. வெளியூர்க்காரருக்கு அது ஒரு பழைய நாணயம். எனக்கு அது ஆச்சியின் சுருக்குப்பை. பக்கத்திலேயே ஓர் அருங்காட்சியகம் இருப்பதன் அருமை எனக்கு அதில்தான் புரிந்தது.

அதனால் ஒன்று சொல்வேன், அருங்காட்சியகத்தைப் பார்த்த கையோடு ஊர்களுக்கும் போங்கள். சிதறால் மலையில் ஏறினால் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணத் தீர்த்தங்கரர்கள் பாறையிலேயே வரிசையாக இருக்கிறார்கள். பிற்காலத்தில் அது பகவதி கோயிலும் ஆனது. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் தீர்த்தங்கரர் உருவங்களைத் தேடிப் பாருங்கள், 16-ஆம் நூற்றாண்டிலும் அங்கே சமணப் பண்டிதர்கள் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோயில் தூண்களைப் பார்த்த கண்ணோடு, அருங்காட்சியகத்தில் தனியாக நிற்கும் ஒரு தூண் சிற்பத்தைப் பார்த்தால், அதன் தலைக்கு மேல் என்ன இருந்திருக்கும், எதிரே யார் நின்றிருப்பார்கள் என்று தானாகத் தோன்றும்.

ஊரிலேயே இருந்தும் ஊரை இழந்த பொருளும் உண்டு. எங்கள் ஊர் முக்கில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல் தூண், மேலே குறுக்காக ஒரு கல், அவ்வளவுதான். தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்து போகிறவர்கள், யார் உதவியும் இல்லாமல் சுமையை அதில் சாய்த்து வைத்து இளைப்பாறலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் இதை நட்டுவைப்பார்கள். இறக்கி வைக்க முடியாமல் போன அவள் சுமையை, வழிப்போக்கர்களின் சுமை இறக்கித் தீர்ப்பது. குறுக்குக் கல்லில் சில எழுத்துகள் இருந்தன. சாலையை அகலப்படுத்த வந்தபோது ஜேசிபியில் தூக்கி ஓரமாகப் போட்டார்கள். ஒரு தூண் உடைந்தது. அது எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று யாரும் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. நானும்தான். தினமும் அதைத் தாண்டிப் போனவன், ஒருநாள்கூட நின்று அந்த எழுத்தைப் படிக்க முயலவில்லை. இப்போது குறுக்குக் கல் அரசமரத்தடியில் உட்காருவதற்குப் பயன்படுகிறது.

அருங்காட்சியகத்திலிருந்து திரும்பி வந்த மறுநாள் காலை அக்கா மகள் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு அரசமரத்தடிக்குப் போனாள். நீளம் அளந்தாள், அகலம் அளந்தாள். பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்து தெளிவாகத் தெரியும் என்று நான் சொன்னதால், வெயில் சாய்வாக விழும் நேரம் பார்த்து மூன்று படம் எடுத்தாள். நோட்டில் முதல் வரியாக எண் 1 என்று போட்டு, பொருள் என்ற இடத்தில் சுமைதாங்கியின் குறுக்குக் கல் என்று எழுதினாள். இருந்த இடம் என்ற வரி வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

“மாமா, இது முன்ன எங்க நின்னுச்சுன்னு யார்கிட்ட கேக்கணும்?”

டீக்கடைக்காரரின் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் அவரைப் பார்க்க நடந்தோம்.